உறுதியில்லாமல் நிறுத்தச் சொன்ன கிரேன்

இரண்டு வருடங்களுக்கு முன், புதுக்கடை என்ற எங்கள் ஊரில், வீட்டு மாடியறையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. வேறு மாநிலத்திலுள்ள ஒரு சரக்குத் துறைமுகத்தில் கிரேன்களை இயக்கும் கணினிகளுக்குள் வெளியாள் யாராவது நுழைகிறார்களா என்று கண்காணிப்பது என் வேலை.

கேட்க சாகசம் மாதிரி இருக்கும். உண்மையில், நாள் முழுக்கத் திரையில் எச்சரிக்கைகள் வந்துகொண்டே இருக்கும். பார்த்தால் யாரோ பாஸ்வேர்டை மறந்திருப்பார், யாரோ லேப்டாப்பை மாற்றிச் செருகியிருப்பார். முந்தின வாரம் ஒன்றை நம்பி கிரேன்களை நிறுத்தச் சொன்னேன். கப்பல் தாமதமானதுதான் மிச்சம். "இனி முழுசா உறுதியான பிறகு கூப்பிட்டால் போதும்" என்றார் மேலாளர். அலுத்துப் போயிருந்தேன்.

அன்று மதியம் நல்ல மழை. சாப்பாடு பாதியில் இருக்கும்போது ஒரு எச்சரிக்கை வந்தது. துறைமுகத்தில் பழுது பார்ப்பவர்களின் கணினியிலிருந்து ஒரு கிரேனுக்குக் கட்டளை போயிருந்தது. எவ்வளவு எடைவரை தூக்கலாம் என்கிற வரம்பை அது உயர்த்தியிருந்தது. தாங்காத எடையைத் தூக்கினால் கிரேன் சாய்ந்துவிடலாம். அன்றைக்குப் பழுது வேலை எதுவும் கிடையாது. சொல்லாமல் யாராவது செய்திருக்கலாம் என்று தள்ளிவிடத்தான் நினைத்தேன். மனம் கேட்கவில்லை. போன் செய்தேன்.

எடுத்தவர் கிரேன் பிரிவு மேற்பார்வையாளர். என் ஆங்கிலத்தில் இருந்த ராகத்தைக் கேட்டு, "நீ நம்ம ஊரு பக்கமா மக்கா?" என்றார். குளச்சல்காரராம். விஷயத்தைச் சொன்னேன்.

"போன வாரம் நிப்பாட்டச் சொன்னதும் நீதானா?"

"ஆமா அண்ணே. இப்பவும் எனக்கு உறுதியா தெரியாது."

"எனக்க ஆளுவ கீழ நிக்காவ. உறுதிய பின்ன பாப்போம்" என்றவர், போனை வைக்காமலே கிரேனை நிறுத்தச் சொல்லிக் கத்தினார். யாரோ அவரைத் திட்டுவது கேட்டது. தன் பொறுப்பு என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

சாயங்காலம் தெரிந்தது, வெளியாள் உண்மையிலேயே உள்ளே நுழைந்திருக்கிறான். வேறு சில கிரேன்களிலும் வரம்பை மாற்றியிருந்தான்.

மறுநாள் நன்றி சொல்லக் கூப்பிட்டேன். "ஒண்ணுமில்லன்னு ஆனாலும் பரவால்ல, அடுத்த தடவையும் கூப்பிடு மக்கா" என்றார் அவர்.

இன்றும் அதே வேலைதான், அதே வெற்று எச்சரிக்கைகள்தான், அலுப்பும் தீரவில்லை. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொன்ன பிறகும் என்னை நம்ப ஒருவர் இருந்தார் என்பதால்தான், ஒவ்வொரு முறையும் தயங்கித் தயங்கியாவது போனை எடுக்கிறேன்.