டெல்லிக்குப் போன கடைசி அத்தியாயம்

மதிப்புரைக்காக ஒரு நாவல் வந்தது. அதில் யாரும் நிம்மதியாக ஒரு ரயிலேற முடியாது. எதிரில் உட்காரும் அந்நியர் எப்படியும் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார். நாற்பது பக்கம் படித்துவிட்டு, 'தற்செயல்களின் சந்தைக்கடை' என்று நான்கு பத்தி எழுதி அனுப்பினேன். நாற்பது என்பதும் கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான்.

எங்கள் ஊரான முதலமடையில் மாங்காய்க் காலம் வந்தால், வெளியூருக்கு அனுப்பும் பெட்டிகளில் விரிக்கப் பழைய பேப்பர் கேட்டு வருவார்கள். அந்த வருடம் பேப்பர் கட்டோடு நாவலையும் கொடுத்துவிட்டேன்.

நான்கு நாள் கழித்து, மாங்காய் அடுக்கும் பெண்களில் ஒருத்தி அந்த நாவலோடு வாசலில் நின்றாள். முதல் பக்கத்தில் நான் எழுதிவைத்த என் பெயர் இருந்தது, கடைசி முப்பது பக்கம் இல்லை.

"ஏனுங்ண்ணா, நான் பாக்கறதுக்குள்ள கிழிச்சுட்டாங்க. பெட்டியோட டெல்லிக்குப் போயிருச்சுங்க. கதையில வர்ற அந்தப் புள்ள அவ அக்காளப் போய்ப் பாக்கறாளா, இல்லீங்களா?"

"அதெதுக்கு அம்மிணி?"

அவள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்கக்கா மூணாறுப் பக்கம் எஸ்டேட்டுலீங்க. பேசி ஆறு வருசமாச்சு. வர்ற வாரம் அவ மகளுக்குக் கல்யாணம். எனக்குப் பத்திரிகை வர்லீங்க."

இப்படி ஒரு சந்திப்பு அந்த நாவலில் வந்திருந்தால் ஐந்தாவது பத்தியும் எழுதியிருப்பேன். நான் அந்த முடிவைப் படிக்கவே இல்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். விமர்சகனின் மானம் குறுக்கே நின்றது.

"போறா" என்றேன்.

"அக்கா பேசுறாளுங்களா?"

"மொதல்ல நல்லாத் திட்டறா. அப்புறம், சாப்புட்டியான்னு கேக்கறா."

வேறு யாராவது இதை எழுதியிருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

மனம் கேட்காமல் இன்னொரு பிரதி வாங்கி, இந்தத் தடவை ஒழுங்காகக் கடைசிவரை படித்தேன். கதாநாயகி அக்கா வீட்டு வாசல்வரை போகிறாள். உள்ளே விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறாள். நாவலாசிரியர் என்னைவிடக் கறார்ப் பேர்வழி. ஒருத்தியைப் பொய் சொல்லி மலையேற்றிவிட்டோமே என்று அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் வந்தாள். கையில் ஒரு பொட்டலம் டீத்தூள்.

"நீங்க சொன்ன கதை சரியில்லீங்ண்ணா."

உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"எங்கக்கா மொதல்லயே சாப்புட்டியான்னு கேட்டுட்டாளுங்க. திட்டுனதெல்லாம் நாஞ் சாப்புட்டு எந்திரிச்ச பொறகுதான். அதும் ரெண்டு நாளு."

பொட்டலத்தை நீட்டியவள், "அந்தப் பொஸ்தகம் முழுசாக் கெடைக்குங்களா? கடைசிய மட்டும் ஒருக்கா படிக்கோணும்" என்றாள்.

புதுப் பிரதி மேசைமேல்தான் கிடந்தது. அன்றைய தினத்தாளை எடுத்து அதன்மேல் விரித்துப் போட்டு, பொட்டலத்தை அதில் வைத்தேன்.

"இப்பல்லாம் கெடைக்கறதில்லீங்க அம்மிணி" என்றேன்.