காஜாக்கா படகு விட்ட கதை

காஜாக்கா எனக்கு ஓரகத்தி. மூத்தவரை அவள் கட்டினாள், இளையவரை நான் கட்டினேன். எங்கள் இருவருக்கும் நாத்தனார் ஒருத்திதான். அந்த நாத்தனாரின் புருஷன்தான் இந்தக் கதையில் எதிராளி. உறவை முதலிலேயே சொல்லிவிட்டேன், நடுவில் யார் யாரென்று தலையைச் சொறிய வேண்டாம்.

சட்டையில் பொத்தான் நுழைகிற துளைக்குக் காஜா என்று பெயர். அக்கா சட்டைக் கம்பெனியில் காஜா மெஷினில் உட்கார்ந்தவள். பட்டப்பெயர் அங்கே ஒட்டியதுதான். நாத்தனார் புருஷன் அங்கே சூப்பர்வைசர். வீட்டில் எங்களுக்கு அவர் அண்ணன், கம்பெனிக்குள் எல்லாருக்கும் சார். கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். சாயங்காலமானால் யார் எத்தனை முடித்தார்கள் என்று கரும்பலகையில் வரிசையாக எழுதுவார். கடைசியாக வந்தவளுக்குப் பெயர் எழுத மாட்டார், ஓர் ஆமையை வரைவார். வாலோடு, கண்ணோடு, அத்தனை அழகாக வரைவார் பாவி மனுஷன்.

அக்கா மகனைப் பெற்று இரண்டாம் மாதமே வேலைக்குத் திரும்பினாள். பால் கட்டி மார்பு கல்லாகக் கிடக்கும், மெஷினில் குனிய முடியாது. அந்த வாரம் முழுக்க ஆமை அவள்தான். வெள்ளிக்கிழமை, அறுபது சட்டை கொண்ட ஒரு கட்டுக்குள் ஒரே ஒரு காஜா கோணலாக விழுந்துவிட்டது. சார் அதைத் தூக்கி இருநூறு பெண்களுக்கும் காட்டினார்.

"ஒன்னு கோணினா கட்டே கோணல். வீட்டுல போய் உக்காரு."

அறுபதையும் கழிவுக் கூடையில் கொட்டினார். பலகையில் இருந்த ஆமையைக்கூட அழித்துவிட்டார். அன்றோடு அவள் வேலை போயிற்று.

அதே சாயங்காலம் மச்சான் வீடு என்று உரிமையோடு வந்து சாப்பிட உட்கார்ந்தார். "என்னம்மா தங்கச்சி, முகம் தொங்குது? வேலை வேற, உறவு வேற. இன்னும் கொஞ்சம் போடு" என்றார். அக்கா போட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், கரண்டி நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் கோபம் அன்றைக்கே ஆறியிருக்கும். முப்பத்தெட்டு வருஷமாக நல்லது கெட்டது எதிலும் அவருக்கு அவள் முகம் கொடுக்கவில்லை. நாத்தனார் செத்தபோது அழுதாள். அது நாத்தனாருக்காக.

போன வருஷம் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வாக்கரோடு வீட்டுக்கு வந்தாள். வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்கு நான்தான் கூட்டிப் போவேன். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, நீளமான ஹால், ரப்பர் பந்துகள், மூலையில் பெரிய டிவி. டிவிக்கு முன்னால் எடை பார்க்கும் மெஷின் மாதிரி ஒரு பலகை, இருபக்கமும் கம்பி. பலகையில் ஏறி நின்றால் டிவியில் ஆறும் படகும் வரும். வலது காலில் பாரம் கொடுத்தால் படகு வலப்பக்கம் போகும், இடது காலில் கொடுத்தால் இடப்பக்கம். பாறையில் முட்டாமல் ஓட்ட வேண்டும்.

"சின்னப் பசங்க ஆட்டத்த ஆடவா ஆட்டோ புடிச்சு வந்தோம்?" என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிசியோ பெண் சிரித்தாள். "ஆட்டம்தாம்மா. ஆனா இது உங்க காலுக்குப் பரீட்சை. ஒரே ஒரு கண்டிஷன், கம்பிய தொடக் கூடாது. விழப்போனா மட்டும்தான் புடிக்கணும். தொட்டா கம்பிதான் உங்கள நிக்க வைக்கும், காலு கத்துக்காது. வீட்டுல கம்பி கூடவே வராதுல்ல? கையே வைக்காம மூணு தடவ நானூறு எடுங்க, வாக்கர வாங்கிக்கிறேன்."

டிவியில் ஆடியவர்களின் வரிசை வந்தது. முதலிடத்தில் 'சார், 412' என்று இருந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அதற்குள் வாக்கரால் கதவைத் தள்ளிக்கொண்டு அவரே வந்துவிட்டார். இடது முழங்காலில் ஆபரேஷனாம். வயது எழுபத்தாறு, மிடுக்கு மட்டும் முப்பத்தாறு. கழுத்தில் ஸ்டாப்வாட்சுக்குப் பதில் ஒரு துண்டு.

"அடடே, தங்கச்சியா! இங்கயும் மெதுவாத்தான் போலிருக்கு?" என்றவர் பிசியோ பெண்ணிடம் திரும்பினார். "இவங்க எங்க சொந்தம்மா. கம்பெனியில நான் வச்ச பேரு ஆமை."

அந்தப் பெண் அதைக் குடும்ப வேடிக்கை என்று நினைத்துக்கொண்டாள். இங்கே எல்லாரும் பட்டப்பெயரில்தான் ஆடுவார்களாம். சிரித்துக்கொண்டே அக்கா பெயருக்கு 'ஆமை' என்று அடித்துவிட்டாள். மாற்றச் சொல்ல வாயெடுத்தேன்.

அக்கா என் கையை அழுத்தினாள். "இருக்கட்டும். அதே பேருல இருக்கட்டும்."

முதல் நாள் முப்பத்தொன்று. படகு எந்தப் பாறையையும் விட்டுவைக்கவில்லை. "பாறைக்கெல்லாம் அத்தன ஆசையா தங்கச்சி?" என்று சார் நாற்காலியில் இருந்து கேட்டார், நாலு பேர் சிரித்தார்கள். அக்கா திரும்பவில்லை.

அன்று முதல் வீட்டில் அவளோடு பேச முடியவில்லை. பாத்திரம் கழுவும்போது ஒரு காலில் பாரம், காய் நறுக்கும்போது மறு காலில் பாரம். "வலிக்கலையா?" என்று கேட்டால், "வலிக்குது, அதான் மறக்காம இருக்கு" என்பாள். நூறு வந்தது, நூற்றைம்பது வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. ஒருநாள் பலகையில் ஏறியவள் கண்ணை மூடினாள். பிறகு என்னிடம் சொன்னாள், மெஷினின் கால் மிதி ஞாபகம் வந்ததாம். முன்பாதத்தால் அரை மிதி மிதித்தால் ஊசி ஒரே தையல் போடும், குதிகாலை அழுத்தினால் நிற்கும். உடம்பைச் சாய்க்காமல் பாதத்தில் மட்டும் அந்த அரை மிதியைக் கொடுத்தாள். படகு நூல் பிடித்த மாதிரி போயிற்று. அன்று இருநூற்றுத் தொண்ணூறு.

சாரின் சிரிப்பு குறைந்தது. அக்கா ஏற ஏற அவரும் ஏறினார். இவள் 380 என்றால் அவர் 420. இவள் 402 என்றால் அவர் 431. இரண்டு முறை நானூறைத் தாண்டிவிட்டாள், வாக்கர் போக இன்னும் ஒரு முறைதான் பாக்கி. அவளுக்கு வாக்கர் ஒரு பொருட்டே இல்லை. அவர் பெயருக்கு மேலே ஆமை ஏற வேண்டும், அதை அவரே வாயால் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு புதன்கிழமை அவர் ஆடும்போது அக்கா கண்ணாடிச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் துண்டப் பாரு" என்றாள் மெதுவாக.

பார்த்தேன். ஆடும்போது துண்டைக் கழற்றி வலப்பக்கக் கம்பியில் போட்டிருந்தார். எனக்குத் துண்டு வெறும் துண்டாகத்தான் தெரிந்தது.

"ஓரத்துல புடைச்சிருக்கு பாரு. அடியில கட்டவிரலு."

ஆபரேஷன் ஆனது இடது கால். அதனால் பிசியோ பெண் எப்போதும் இடப்பக்கம்தான் அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்து நிற்பாள். வலது கை அவளுக்குத் தெரியாது. பல வருஷம் காஜாவில் பிரிந்த நூலைத் தேடிய கண், அக்காவுக்குத்தான் தெரிந்தது.

"போய்ச் சொல்லுக்கா!"

"இன்னிக்கு ரெண்டு பேருதான் இருக்காங்க. வெள்ளிக்கிழம ஹால் நெறைய ஆள் வரும், அவரு மகளும் வருவா. அன்னிக்கு அவருக்கு வாக்கர் எடுக்குறாங்களாம்." கண்ணாடியில் இருந்து கண்ணை எடுக்காமல், "என்னை அனுப்புனதும் வெள்ளிக்கிழமதான்" என்றாள்.

வெள்ளிக்கிழமை பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். மகள் போனில் வீடியோ எடுக்கத் தயாராக நின்றாள். முதலில் அக்கா ஆடினாள். இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டுதான் ஆடினாள், வேண்டுமென்றே. 428. நானூறு மூன்றாம் முறை. எல்லாரும் கைதட்டினார்கள். ஆனால் டிவியில் இன்னும் சார்தான் மேலே, மூன்று அதிகம்.

"பரவால்ல தங்கச்சி, ரெண்டாவதும் நல்ல இடம்தான்" என்று சொல்லிக்கொண்டே சார் ஏறினார். துண்டு கம்பிக்குப் போயிற்று.

பாதி ஆறு தாண்டியதும் அக்கா எழுந்தாள். நாற்காலியில் இருந்து கம்பி வரை நாலு எட்டு. வாக்கர் என் பக்கத்திலேயே நிற்கிறது.

"அம்மா! வாக்கர்!" என்று பிசியோ பெண் கத்தினாள்.

நாலு எட்டும் அரை மிதி, அரை மிதியாக வைத்துப் போய்ச் சேர்ந்து, துண்டை உருவினாள்.

கட்டைவிரல் கம்பியில் ஒட்டிக்கொண்டிருந்தது. பதறிக் கையை எடுத்தார். எடுத்ததும் உடம்பு ஆடியது, படகு பாறையில் முட்டியது. பிசியோ பெண் பட்டையை இறுக்கிப் பிடித்திருந்ததால் விழவில்லை. மகள் போனை இறக்கினாள்.

"சார், எத்தன நாளா இப்படி?" என்று கேட்டாள் பிசியோ பெண். அவர் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். அதுவே பதில். அவள் நல்ல பெண், சமாதானமாக, "சரி, இன்னிக்கு ஆட்டத்த மட்டும் அழிச்சிடலாம்" என்றாள்.

அக்கா துண்டை நாலாக மடித்துக்கொண்டே அவரைப் பார்த்தாள். "ஒன்னு கோணினா?"

அவர் தலை குனிந்தார்.

"சொல்லுங்கண்ணே. எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான். ஒன்னு கோணினா?"

"கட்டே கோணல்" என்றார். பிறகு பிசியோ பெண்ணிடம், "என் கணக்கு மொத்தத்தையும் அழிச்சிடும்மா" என்றார்.

அழித்தாள். கையைக் கட்டிக்கொண்டு மறுபடி ஆடச் சொன்னாள். எழுபத்தொன்று. டிவியில் வரிசை வந்தது. முதலில் ஆமை, கடைசியில் சார்.

"கண்ணாடி எடுத்துட்டு வரல. சத்தமாப் படிங்கண்ணே" என்றாள் அக்கா. படித்தார். நான் கேட்டேன், குரல் நன்றாகத்தான் இருந்தது.

அக்காவின் வாக்கரை வாங்கிக்கொண்டு கைத்தடி கொடுத்தார்கள். வாசலுக்கு வந்தவள், மகள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற அவரிடம் துண்டை நீட்டினாள்.

"ஞாயித்துக்கிழம சாப்பிட வாங்கண்ணே. வேலை வேற, உறவு வேற."

வந்தார். அவளே பரிமாறினாள். இன்னும் கொஞ்சம் என்று அவர் கேட்கவில்லை, அவளாகவே போட்டாள், கரண்டி நிறைய. தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

மன்னித்துவிட்டாள் என்று எங்கள் பக்கத்துச் சொந்தங்கள் பேசிக்கொள்கிறார்கள். மன்னிப்பும் இல்லை, மண்ணும் இல்லை. சிகிச்சை முடிந்த பிறகும் புதன்கிழமை தவறாமல் கைத்தடியோடு அந்த ஹாலுக்குப் போய்ப் பின் நாற்காலியில் உட்காருகிறாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு படகு விடுகிறார்.

போன வாரம் நானும் போயிருந்தேன். ஆட்டம் முடிந்ததும் அவர் திரும்பி அவள் முகத்தைத்தான் பார்த்தார்.

"எவ்வளவு?" என்றாள் அக்கா.

"நூத்தி நாப்பது."

"மெதுவாத்தான் வருது" என்றாள்.