அக்காவின் உடம்பில் நான் பார்த்த குளிர்காலம்

மூன்று வருஷத்துக்கு முந்தைய டிசம்பர் மாசம். பெங்களூரில், ஜீவனஹள்ளியில் ஒரு வீட்டின் மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து நானும் அக்காவும் இருந்தோம். அக்கா என்னைவிட ஆறு வயது பெரியவள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. நான் என் கல்யாணம் முறிந்துபோய் இரண்டு சூட்கேஸோடு அவளிடம் வந்து ஒட்டிக்கொண்டவள். ஒரு கம்பெனியில் கஸ்டமர் சப்போர்ட், பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. அம்மா போன பிறகு எனக்கென்று இருந்த ஒரே ஆள் அவள்தான்.

விவாகரத்தான புதிதில் தூக்கம் வராமல் பேய் மாதிரி திரிந்துகொண்டிருந்தேன். கூட வேலை பார்த்த பெண் ஒருத்தி என்னைப் பிரேசர் டவுனில் ஒரு வீட்டு மொட்டைமாடிக்கு அழைத்துப் போனாள். எட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சாமி படம், பூசாரி எதுவும் கிடையாது. நடுவில் ஒரு தாம்பாளத்தில் மண், ஒரு சொம்புத் தண்ணீர், அந்தப் பருவத்தில் காய்த்தது பூத்தது எதுவோ அது. வருஷத்துக்கு நாலு தடவை, பருவம் மாறும்போது அங்கே கூடுவார்கள். பூமிக்கு உழைக்கிற காலம், ஓய்கிற காலம் என்று இருப்பதுபோல நமக்கும் உண்டு என்பதுதான் அங்கே பேச்சு.

வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். தினமும் காலையில் டாரட் என்கிற, குறி பார்க்கும் படச் சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுக்க வேண்டும். அந்தச் சீட்டையும், அன்று கண்ணில் பட்ட ஒரு விஷயத்தையும் சேர்த்து ஒரு நோட்டில் நாலு வரி எழுத வேண்டும். கூடுகிற நாளில், எழுதியதிலிருந்து வேண்டிய பக்கங்களை ஒவ்வொருத்தராக வாசிப்போம். வாசிக்கிறவரிடம் யாரும் கேள்வி கேட்கக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது. அது ஒன்றுதான் கண்டிப்பான விதி.

உள்ளதைச் சொன்னால், அந்த நோட்டும் சீட்டும்தான் என்னை எழுப்பி உட்கார வைத்தன. ஆறு மாசத்தில் நன்றாகத் தூங்க ஆரம்பித்தேன். அக்காவுக்குக் கிண்டல்தான். காலையில் தலை வாரிக்கொண்டே, "என்னடி சொல்லுது உன் சீட்டுக்கட்டு? இன்னிக்காவது பஸ்ல உக்கார எடம் கிடைக்குமான்னு கேளு" என்பாள். ஆனால் நான் சீட்டு எடுக்கும்போது மிக்ஸியைப் போட மாட்டாள். அது அவள் எனக்குக் கொடுத்த மரியாதை.

அந்த வருஷம் அவரைக்காய் சீசன் ஆரம்பித்ததும் அக்கா வழக்கம்போல இரண்டு கிலோ வாங்கி வந்தாள். மொச்சை மாதிரி இருக்கும் கொட்டையை உரித்து ஊறவைத்து, தோலைப் பிதுக்கி எடுத்து, பிதுக்கம்பருப்புக் குழம்பு வைத்தாள். அவளுக்கு உயிர் அது. மற்ற வருஷங்களில் மூன்று வேளையும் அதையே சாப்பிடுவாள். அன்று நாலு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினாள். "என்னமோ வயிறு ரொம்பிடுச்சு" என்றாள்.

நான் அதை நோட்டில் எழுதினேன். எப்படி எழுதினேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. 'அக்கா பாதியில் எழுந்துவிட்டாள். மரம் இலையை உதிர்க்கிற காலம், உடம்பும் வேண்டாததை உதிர்க்கிறது. இன்றைய சீட்டு, தனியாக விளக்கேந்தி நிற்கும் பெரியவர்.' இப்படி ஒன்றில்லை, பத்துப் பன்னிரண்டு பக்கம். அக்கா சாயங்காலம் ஆறு மணிக்கே படுத்துவிட்டாள் என்றால், 'பூமி போலவே அவளும் உள்ளே ஒடுங்குகிறாள்'. முதுகு வலி என்று சுவரில் சாய்ந்தாள் என்றால், அதற்கும் ஒரு உவமை.

டிசம்பரில், வருஷத்திலேயே நீளமான ராத்திரி முடிந்த காலையில் மொட்டைமாடியில் கூடினோம். தாம்பாளத்தில் மண்ணுக்கு மேலே அவரைக்காய் பரப்பியிருந்தது. என் முறை வந்ததும் அக்காவைப் பற்றி எழுதிய பக்கங்களை வாசித்தேன். எல்லாரும் கண்ணை மூடிக் கேட்டார்கள். பிறகு காபி குடிக்கும்போது ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்ளோ அழகா எழுதறீங்க! உங்க அக்கா லக்கி" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து அக்காவிடமும் பெருமையடித்துக்கொண்டேன்.

பொங்கல் முடிந்த வாரம், ஒரு காலையில் அக்கா வேலைக்குக் கிளம்பி நின்றாள். சுடிதார் வயிற்றுப் பக்கம் பிடிக்கிறது என்று இழுத்து விட்டுக்கொண்டாள். முந்தின வாரம்தான் நான் அதைப் பக்கவாட்டில் பிரித்துத் தைத்துக் கொடுத்திருந்தேன். நான் சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டிருந்தேன். கிண்டல் இல்லாத குரலில், "எனக்கு ஒண்ணு எடுத்துப் பாருடி" என்றாள். "டாக்டர்கிட்ட போகணுமா வேணாமான்னு கேளு."

அவள் முதல் தடவையாகக் கேட்கிறாள் என்ற சந்தோஷம் எனக்கு. அதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. கண்ணை மூடி, மூச்சை இழுத்துவிட்டு எடுத்தேன். நாலு வாள் சீட்டு வந்தது. அதில் ஒரு வீரன் கைகூப்பி அசையாமல் படுத்திருப்பான். ஓய்வு என்பதுதான் அதற்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் அர்த்தம். "உனக்கு ரெஸ்ட்தான் வேணும்கா, வேற ஒண்ணுமில்ல. உடம்புக்கும் குளிர்காலம் உண்டு. வெயில் வந்தா சரியாயிடும்" என்றேன், ஏதோ பட்டம் வாங்கியவள் மாதிரி.

"அப்பாடா, ஊசி இல்ல" என்று சிரித்தாள். ஆனால் உடனே போகவில்லை. வாசல் பக்கம் கொஞ்ச நேரம் நின்று என்னையே பார்த்தாள். நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

மார்ச்சில், பகலும் இரவும் சமமாகிற சமயத்தில் மறுபடி கூடினோம். யுகாதி நேரம். தாம்பாளத்தில் வேப்பம்பூவும் வெல்லமும் இருந்தன. அன்று புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். தொம்மலூரில் சின்னதாகத் தையல் கடை வைத்திருப்பவள். அவளிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் எங்கள் வட்டத்துப் பெண் ஒருத்தி, சும்மா வந்து பார் என்று அழைத்து வந்திருந்தாள். ஓரமாக, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விதியெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

நான் வாசித்தேன். வழக்கம்போல நல்ல அமைதி. அடுத்தவள் நோட்டைப் பிரிக்கப் போகும்போது அந்தப் பெண் என்னைப் பார்த்து, "ஒண்ணு கேக்கலாங்களா?" என்றாள்.

"உங்க அக்கா சாப்பாடு கொறஞ்சுகிட்டே போகுதுன்றீங்க. மூஞ்சி வத்திப்போச்சுன்றீங்க. சுடிதார் மட்டும் ரெண்டு தபா பிரிச்சுத் தச்சேன்னு எழுதியிருக்கீங்க. சாப்பிடாதவங்களுக்கு வயிறு மட்டும் எப்படிங்க பெருசாகும்? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

அந்த மாடி வீட்டுக்காரி மெதுவாக, "இங்க நாம யாரையும் கேள்வி கேக்கறதில்லமா" என்றாள். "ஐயோ, சாரிங்க" என்று அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நானே தைத்த சுடிதார். நானே எழுதிய வரி. எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. படித்த பெண்கள் எட்டுப் பேர் இரண்டு தடவை உட்கார்ந்து கேட்டோம். இஞ்ச் டேப்போடு புழங்கும் ஒருத்திக்குத்தான் கணக்கு உதைத்தது. நான் யாரிடமும் சொல்லாமல் எழுந்து ஓடிவந்து ஆட்டோ பிடித்தேன்.

வீட்டில் அக்கா ஞாயிற்றுக்கிழமைத் துணி துவைக்காமல் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். "கிளம்புக்கா, ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றேன். தலைவலி மாத்திரை போடச் சொன்னாலே அரைமணி நேரம் சண்டை போடுகிறவள், ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து ஐந்து நிமிஷத்தில் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு நிஜமான பயம் வந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கர்ப்பப்பைப் பக்கத்தில், சினைப்பையில் கட்டி. வயிறு முழுக்க நீர் கட்டியிருந்தது. நோய் அந்த இடத்தோடு நிற்கவில்லை என்றார்கள். டாக்டரம்மா எப்போதிலிருந்து என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் பையிலிருந்து நோட்டை எடுத்துத் தேதி தேதியாகச் சொன்னேன். எந்த நாள் சாப்பாடு இறங்கவில்லை, எந்த நாள் முதுகு வலித்தது, எந்த நாள் துணி பிடித்தது. எழுதிக்கொண்டே வந்த டாக்டரம்மா பேனாவை நிறுத்திவிட்டு, "இவ்ளோ கரெக்டா யாரும் சொல்ல மாட்டாங்க" என்றார். அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஆனால் என் வாழ்க்கையில் யாரும் என்னை அதைவிட மோசமாக அடித்ததில்லை.

ஆபரேஷன், கீமோ எல்லாம் நடந்தது. அக்காவின் முடி கொட்டியது. நான் சீட்டு எடுப்பதை நிறுத்திவிட்டேன். சீட்டின் மேல் கோபமில்லை, அது அட்டைதானே. என் கைதான் எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

நாலாவது கீமோ முடிந்து வீட்டில் படுத்திருந்தாள். நான் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று, "ஜனவரியில உன்ன சீட்டு எடுக்கச் சொன்னேனே, ஞாபகம் இருக்கா?" என்றாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"எனக்கு அப்பவே உள்ளுக்குள்ள தெரிஞ்சு போச்சுடி. தனியா போய் நிக்கப் பயம். நீ சீட்டைத் தூக்கிப் போட்டுட்டு, என்னக்கா உனக்குன்னு கத்தி இழுத்துட்டுப் போவேன்னு நெனச்சேன்."

நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, "சரி வுடு. எனக்கென்ன காலா இல்ல, நானும்தான் போயிருக்கலாம்" என்றாள். பிறகு கஞ்சியில் உப்பு இல்லை என்று திட்டினாள். அவள் என்னைத் திட்டிய கடைசித் தடவைகளில் அது ஒன்று. எனக்காகத்தான் திட்டினாள் என்று தெரியும்.

அடுத்த அவரைக்காய் சீசனில் அக்கா இல்லை. வட்டத்துப் பெண்கள் போனில் செய்தி அனுப்பினார்கள். 'பூமி தன் மகளைத் திரும்ப வாங்கிக்கொண்டது' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். நல்ல மனசோடுதான் எழுதினாள். எனக்கோ போனைச் சுவரில் விட்டெறியத் தோன்றியது. பூமிக்கு எத்தனையோ மகள்கள், எனக்கு இருந்தது ஒரே அக்கா. அதன் பிறகு நான் அந்த மாடிக்குப் போகவில்லை. தொம்மலூர்ப் பெண்ணின் கடையைத் தேடிப் போனேன். அக்கா போய்விட்டாள் என்றதும் அவள் மெஷினை நிறுத்திவிட்டு அழுதாள். "நான் கேட்டது தப்பாயிடுச்சோன்னு அன்னைக்கு ராத்திரியெல்லாம் தூங்கலீங்க" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது ஆபீசில் யாராவது 'சும்மா அசதி' என்றால் விடமாட்டேன். எத்தனை நாளாக, எங்கே, சாப்பாடு எப்படி என்று நச்சரித்துக் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன். அதெல்லாம் அக்காவுக்கு ஒரு நாளைக் கூடத் திருப்பித் தராது என்று எனக்குத் தெரியும்.

ஜனவரியிலேயே அழைத்துப் போயிருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்ற கேள்வியை மட்டும் இன்றுவரை எந்த டாக்டரிடமும் நான் கேட்டதில்லை. 'பிழைத்திருக்க மாட்டாள்' என்று சொன்னால் என்னால் நம்ப முடியாது, 'பிழைத்திருப்பாள்' என்று சொன்னால் என்னால் தாங்க முடியாது.