தானாகத் தாண்டிய பள்ளம்

ஒத்தைக்காசு என்பது அவளுக்குப் பதிமூன்று வயதில் விழுந்த பெயர். வீடியோ கேம் கடைக்குள் ஒரே ஒரு காசோடு நுழைவாள். கடை மூடும்வரை வெளியே வரமாட்டாள். மிஷின் தருவது மூன்று உயிர். அதை வைத்துக்கொண்டு அவள் மூன்று தலைமுறை வாழ்ந்துவிடுவாள். பொறுத்துப் பார்த்த கடைக்காரர் ஒருநாள் மிஷினின் வயரைப் பிடுங்கிவிட்டு, "கரண்ட் போயிடுச்சு, வீட்டுக்குப் போம்மா" என்றாராம். "அப்ப உங்க தலைக்கு மேல ஃபேன் எப்படிண்ணே சுத்துது?" என்று கேட்டாளாம்.

பிறகு அந்த விரல்கள்தான் சோறு போட்டன. பல் செட் செய்யும் லேபில் இருபத்தாறு வருஷம். அச்சின் மேல் மெழுகை இளக்கி, அது இறுகுவதற்குள் பற்களை ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். ஒரு மயிரிழை திரும்பினாலும் சிரிக்கிற முகம் முறைக்கிற முகமாகிவிடும். அவள் வைத்த பல்லை மாட்டிக்கொண்ட ஒரு கிழவர், கண்ணாடியில் பார்த்துவிட்டு நேரே பெண் பார்க்கக் கிளம்பிவிட்டார். இதில் நான் கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை, கிளம்பியதைத் தவிர.

ஐம்பத்திரண்டு வயதிலும் ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளுக்கு விளையாட்டுதான். புதிய விளையாட்டுகளைத் திட்டிக்கொண்டே விளையாடுவாள். திரையில் மழை பெய்தால், இலையிலிருந்து நீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் நிற்பாள். "எப்படி வரைஞ்சிருக்கானுங்க பாருங்களேன்!" அடுத்த நிமிஷமே வழிகாட்டும் அம்புக்குறி வந்துவிடும். "ஏன், எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" செத்தால் செத்த இடத்திலேயே எழுப்பி நிறுத்துவது இன்னும் எரிச்சல். "சாவுக்கு ஒரு மரியாதை வேணாமா?"

அப்படியிருந்தவள் ஒரு பள்ளத்தில் மாட்டிக்கொண்டாள். மலை ஏறும் ஒரு பெண்ணின் கதை. நடுவில் ஒரு பிளவைத் தாண்ட வேண்டும். இரண்டு ஞாயிறுகள் விழுந்துகொண்டே இருந்தாள். 'எளிதாக்கட்டுமா?' என்று திரை பணிவாகக் கேட்டது. "போடா" என்றாள். மூன்றாவது ஞாயிறு, முதல் தடவையிலேயே தாண்டிவிட்டாள். அந்த வாரம் முழுக்க லேபில் அதே பேச்சு.

ஏழு வாரம் கழித்து அவளுக்கு மூக்கு அரித்தது. வலது கையை எடுத்துச் சொறிந்தாள். இடது கட்டைவிரல் தள்ளிக்கொண்டே இருந்ததால் திரையில் அந்தப் பெண் ஓடினாள். வழியில் ஒரு பள்ளம். தாண்டும் பொத்தானை யாரும் அழுத்தவில்லை. அவள் தாண்டினாள்.

மறுபடி ஓடவிட்டாள், வலது கையைத் தூக்கி வைத்துக்கொண்டே. மறுபடியும் திரையில் அந்தப் பெண் தாண்டினாள். செட்டிங்ஸைத் திறந்தால், உள்ளே ஐந்து உதவிகள், ஐந்தும் ஆன்.

"என்னங்க, இங்க வாங்க."

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற கணவர், பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு வந்தார்.

"இதை யாரு போட்டது?"

"எதும்மா?"

"முழிக்காதீங்க."

"நம்ம பொண்ணுதான் போன்ல சொல்லிக்கொடுத்தா. நான் அமுக்கினேன். நீ விழுந்ததுக்கு இல்ல. விழுந்துட்டு உன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்த பாரு, அதான் தாங்கல. விரல் நடுங்குதும்மா."

"ஜெயிச்சேன்னு லேப் பூரா பீத்திட்டு வந்தேனே."

"தெரியும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மனிதர் அங்கே மாட்டிக்கொண்டார். துண்டைத் தேடினார்; தோளிலேயே இருந்தது. "வார்ப்பு அண்ணன் போன் பண்ணினாரு."

அவள் மெழுகில் நிறுத்திய பற்களை அடுத்த மேஜையில் வாங்கி வார்க்கிறவர் அவர். இருபது வருஷமாக அவளை வம்பிழுப்பவர்.

"ரெண்டு மாசமா, நீ சாப்பிடப் போற நேரத்துல அவரு சரி பண்ணித்தான் வார்க்கறாராம். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னாரு. எப்படி ஆரம்பிக்கறதுன்னு எனக்குத்தான்..."

அவள் ஐந்து உதவிகளையும் ஒவ்வொன்றாக அணைத்தாள். பழைய பிளவுக்குத் திரும்பிப் போனாள். விழுந்தாள். எழுப்பி நிறுத்தியது. விழுந்தாள். அவர் ஈரக் கையோடு அப்படியே நின்றார். "டீ போடட்டுமா?" என்று ஒருமுறை கேட்டார். அவள் மறுபடி விழுந்தாள்.

மறுநாள் லேபில் வார்ப்பு அண்ணன் வழக்கம்போல ஆரம்பித்தார். "என்ன ஒத்தைக்காசு, நேத்து எந்தக் கோட்டையைப் பிடிச்ச?"

"பிடிச்சது நான் இல்லண்ணே."

முன்பற்கள் ஆறு. வைத்தாள், லென்ஸில் பார்த்தாள், மெழுகை இளக்கிப் பிரித்தாள். மறுபடி வைத்தாள். மூன்றாவது தடவையும் கோரைப்பல் திரும்பித்தான் நின்றது. மணி ஒன்றரை ஆயிற்று. மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். அண்ணன் மட்டும் எதையோ தேடுகிறவர்போல அங்கேயே சுற்றினார்.

"சாப்பிடப் போகலையா?"

"நான் போனாத்தான் உங்களுக்கு வேலை ஓடுமாமே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "சொல்ல வாய் வரலம்மா. என் கூடப் பிறந்தவளா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்."

அவள் அச்சை அவர் பக்கம் நகர்த்தினாள். "சரி பண்ணுங்க. ஆனா நான் பார்க்கப் பண்ணுங்க."

அவர் மெழுகுக் கத்தியைச் சூடு காட்டினார். அவளுடைய பழைய வேகம் அவர் கைக்கு இல்லை; நடுக்கமும் இல்லை. அவள் இரண்டு கைகளையும் ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"கோரைப்பல் இன்னும் துளி உள்ள போகணும்."

தள்ளினார்.

"போதும். அதைத் தொடாதீங்க."

மெழுகு இறுகியது. பிறகு, எந்த டாக்டரிடம் போகச் சொன்னீர்கள் என்று அவரிடம் கேட்டாள்.