ஆயிரத்து நானூறுக்குக் கீழே

சதுரங்க ரேட்டிங் ஆயிரத்து நானூறுக்குக் கீழே இறங்கினால் ரேட்டிங்கே இல்லாத ஆளாகிவிடுவோம். போட்டியின் கடைசிச் சுற்றுக்கு முன் கணக்குப் பார்த்தேன். என்னுடையது ஆயிரத்து நானூற்று ஆறு.

பெரிய ரேட்டிங்காரரைத் தோற்கடித்தால் நிறைய ஏறும். சின்னவரிடம் தோற்றால் நிறைய இறங்கும். சமமானவரோடு மோதினால் என்னைப் போன்ற பழைய ஆளுக்குப் பத்துப் புள்ளி ஏறும், அல்லது போகும். புதிதாக வந்தவருக்கு அதுவே இரண்டு மடங்கு. எனக்கு வாய்த்தவர் வியாசர்பாடிக் கல்லூரிப் பெண். என் அளவு ரேட்டிங்தான், ஆனால் புதியவர்.

அந்தச் சுற்றுக்குப் போன காலையில் எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் பஸ் நின்றுவிட்டது. சாத்தாங்காடு இரும்புக் கிடங்கில் இரட்டை ஷிப்ட் பார்த்த உடம்பு எனக்கு. அங்கே தினமும் என்னோடு ஆடும் கிரேன் டிரைவர் போனில் வந்தார்.

"இன்னாத்துக்கு மாமு ஓடிக்கினு கீற? லேட்டா போ. ஆடாம தோத்தா ரேட்டிங்ல கை வெக்க மாட்டாங்க. வூட்டுக்குப் போய் தூங்கு."

அவர் சொன்னது உண்மைதான். ஆடாத ஆட்டம் ரேட்டிங் கணக்கில் வராது. ஆனாலும் இறங்கி நடந்தேன். ஆடாமல் காப்பாற்றிய எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எரிச்சலாக வந்தது.

ஆட்டம் நன்றாகவே போனது. ஒரு குதிரை எனக்குக் கூடுதல். இருவருக்கும் சில நிமிடங்களே மிச்சம். அப்போதுதான் கிடங்குப் பழக்கம் வேலையைக் காட்டியது. சாப்பாட்டு இடைவேளையில் இரும்புத் தகடுகள் மேல் ஆடும் எங்களுக்குக் கடிகாரம் கிடையாது. காயை நகர்த்திவிட்டு டீ டம்ளரை எடுத்தால் முறை முடிந்ததென்று அர்த்தம். அன்றும் காயை நகர்த்தினேன், டீயை எடுத்தேன், கண்ணை மூடினேன். கடிகாரத்தை அழுத்தவில்லை. அழுத்தினால்தான் என் நேரம் நின்று எதிராளியின் நேரம் ஓடும். அந்தப் பெண் பேசாமல் பலகையையே பார்த்திருந்தார். சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை. கண் திறந்தபோது என் நேரம் தீர்ந்து, ஆட்டம் தோற்றிருந்தது.

"சாரி அங்கிள்," என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும்.

அடுத்த மாத ரேட்டிங் பட்டியலில் என் பெயருக்கு எண் இல்லை. டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு உடனே புரியவில்லை.

"அப்போ இனிமே போட்டில உன்னை ஜெயிச்சா அவனுக்கு ஒண்ணும் ஏறாதா?"

"ஏறாது."

"உன்னாண்ட தோத்தா?"

"இறங்காது. எதிர்ல ஆளே உக்காராத மாதிரிதான்."