ஜிலேபியின் கல்லீரலும் என் கல்லீரலும்

மீனின் கல்லீரலைச் சோதித்தால் என் கல்லீரலின் லட்சணம் தெரிந்துவிடும் என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள். ஞாயிறு தவறாமல் ஜிலேபிக் கெண்டை தின்றவன் நான். அம்பத்தூரில் ஏரிக்கரைச் சாலையோரக் கடையில் வாங்குவேன். "எங்க ஏரி மீன், துள்ளத் துள்ள வரும்" என்று முகப்பேர் மச்சானிடம் பீற்றிக்கொள்வேன்.

ஒருநாள் காலை ஏரிக்கரையில் நடக்கப் போனால், எங்கள் மாடியில் குடியிருக்கும் ஆராய்ச்சி மாணவி, ஏரியில் வலைபோட்டுப் பிடித்த ஜிலேபிக்கு ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா இது?"

"தண்ணிய டெஸ்ட் பண்ணா இன்னிக்கு என்ன கலந்திருக்குன்னுதான் தெரியும் அங்கிள். மீன் எப்பவும் அதுலயே கிடக்குது. கழிவு உள்ள போனா அதோட கல்லீரல்ல சில என்சைம் எகிறும். அத அளந்தா ஏரி எவ்ளோ கெட்டிருக்குன்னு புரியும்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு எல்லாமே எகிறிவிட்டது.

வீட்டில் கண்ணாடி முன் நின்று, டார்ச் அடித்து நாக்கைப் பார்த்தேன். கண் மஞ்சளாக இருக்கிறதா என்று மனைவியைக் கேட்டேன்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. மூளையக் காட்டுங்க டாக்டர்கிட்ட."

அந்த ஞாயிறும் மீன் வாங்கினேன், சோதனைக்காக. பச்சை மீனைக் கொடுத்து என்ன பயன்? நான் தின்பது குழம்பு மீன் அல்லவா! ஆகவே, குழம்பு வைக்கச் சொல்லி, இரண்டு துண்டை டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு மாடியேறினேன்.

மாணவி திறந்து மோந்து பார்த்தாள்.

"வாசனை சூப்பர் அங்கிள். ஆனா புளி ஊத்திக் கொதிக்க வச்சதுல நான் என்னத்த அளக்க? உயிரோட இருக்கறப்பவே ரத்தம் எடுக்கணும், கல்லீரலை உடனே ஐஸ்ல வைக்கணும். மொதல்ல, இது எந்தத் தண்ணி மீனுன்னு கேட்டீங்களா?"

இத்தனை காலத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கடை ஏரிக்கரையில் இருந்தது. மீன் ஏரியில் இருந்தது. மிச்சத்தை நானே சேர்த்துக்கொண்டேன். கடைக்கு ஓடினேன்.

"இந்த ஏரி மீனா?" மீன்கார அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு சார் சொன்னா உனக்கு? எப்பவும் ஆந்திராலேந்து லாரிலதான் வர்து. இம்மாம் பெரிய ஐஸ் பொட்டி கீதே, கண்ணு தெர்ல?"

சில மாதம் கழித்து மாணவியின் முடிவு வந்தது. ஏரி ஜிலேபிகளின் கல்லீரலில் என்சைம் கூடியிருந்தது. நான் தின்றதில் ஒன்றுகூட அந்த ஏரி மீன் இல்லை.