வாயில் வாடை இல்லை

தேவராஜ் குடித்திருக்கவில்லை. குடித்திருந்தான் என்று ஊரெல்லாம் நம்பும்படி சொன்னவன் நான். பொய் என்று தெரிந்தே சொன்னேன்.

இதைப் படிக்கும் நீங்கள் யாரோ, எவரோ... அவனை உங்களுக்குத் தெரியாது. என்னையும் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். முகம் தெரிந்த ஒருவரிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

கவரைப்பேட்டைக்கு அப்பால், ரயில் பாதையை ஒட்டியிருந்த ஒரு கம்பி மில்லில் நான் மேஸ்திரி. உலையில் பழுத்த இரும்பை இடுக்கியால் இழுத்து உருளைக்குள் கொடுப்பது அங்கே வேலை. தலைக்கு மேல் தகரக் கூரை. கத்திரி பிறந்துவிட்டால் உலைக்கு வெளியே நிற்கிறோமா, உள்ளே நிற்கிறோமா என்றே தெரியாது.

உலைக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பானை இருந்தது. ஆட்கள் அடிக்கடி அங்கே போய் நின்றுவிடுகிறார்கள் என்று முதலாளி முகம் சுளித்தார். அதைத் தூக்கி என் அறை வாசலில் வைத்தது நான். யாரும் சொல்லவில்லை, என் சொந்த யோசனை! தாகம் எடுத்தால் என்னிடம் வந்து கேட்டுக் குடிக்க வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டு முக்கால்வாசிப் பேர் வறண்ட தொண்டையோடு நின்றார்கள். வேலை ஓடியது. நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மதுவிலக்கு திரும்ப வந்திருந்த சமயம் அது. ஆனாலும் கள்ளச்சாராயத்துக்குப் பஞ்சமில்லை. அதனால் காலையில் கேட்டருகே ஒவ்வொருவனையும் நிறுத்தி, “ஊது” என்பேன். என் மூக்குக்கு நேரே வாயைத் திறந்து ஊத வேண்டும். வாடை வந்தால் அன்றைக்கு வேலை கிடையாது. மேஸ்திரி மூக்கு தப்பாது என்று மில்லில் பேச்சே உண்டு. தேவராஜை மட்டும் நான் ஊதச் சொன்னதே இல்லை. மாதா கோயிலில் மணியடிப்பவன். தொடமாட்டான் என்று தெரியும்.

கத்திரி வெயில் நாள் ஒன்றில், உச்சிவேளை. உலையை விட்டு வந்தான். கால் பின்னியது, நாக்குக் குழறியது.

“தண்ணி... தண்ணி மேஸ்திரி...”

எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் இரண்டுக்கும் பொது. பானையில் இருப்பதும் தண்ணி, சாராயமும் தண்ணி.

“இன்னாடா, போட்ட தண்ணி பத்தலையா?” என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தேவராஜைப் போய் இப்படிக் கேட்டால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. வேடிக்கையை இன்னும் கொஞ்சம் வளர்க்க ஆசை வந்தது.

“எங்க, ஊது.”

ஊதினான். வாடை இல்லை. வெறும் அனல். அவன் கையைப் பிடித்திருந்தேன். தோசைக்கல் போலச் சுட்டது. உலை முன்னால் நின்று வந்தவன் உடம்பில் ஒரு சொட்டு வியர்வை இல்லை! இது குடியல்ல, வேறு ஏதோ என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பானை என் காலடியில்தான் இருந்தது. ஆனால் எல்லோரும் சிரித்து முடித்திருந்தார்கள்... சிரித்த பிறகு எப்படி மாற்றிப் பேசுவது? இதுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றுகூட இல்லை.

“நாறுது. வெளிய போய்க் குந்து. தெளிஞ்சப்புறம் வா.”

கேட்டுக்கு வெளியே நிழல் கிடையாது. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு போனான். நான் அறைக்குள் போய்ச் சாப்பிட்டேன்.

வாட்ச்மேன் ஓடிவந்து கூப்பிட்டபோது தேவராஜ் சுவரோரம் விழுந்து கிடந்தான். அந்தப் பானைத் தண்ணீர் முழுவதையும் அப்போது அவன்மேல் கொட்டினேன். லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். வழியிலேயே உயிர் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். பானையைப் பற்றிக் கேட்பார்களோ என்று எனக்குப் பயம்.

“காலையிலயே போட்டுக்கினு வந்துட்டான் சார்” என்றேன்.

பானையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே அதை உலைப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டேன். குற்றமில்லாதவன் அப்படிச் செய்வானா? நீங்களே சொல்லுங்கள்.

அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் அவன் மனைவி எஸ்தர் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணே, தெருவுல இன்னா இன்னாவோ பேசிக்கிறாங்க. நான் ஒருத்தர் பேச்சையும் நம்பல. கொழாயாண்ட எல்லார் கூடயும் மல்லுக்கு நின்னுக்கினு இருக்கேன். நீங்கதான் மோந்து பாத்தவரு. மெய்யாலுமே குடிச்சிருந்தாரா? நீங்க சொன்னா நம்பிக்கிறேன்.”

அவள் காசு கேட்டு வரவில்லை. கேஸ் போட வரவில்லை. ‘இல்லை’ என்ற ஒரே சொல்லுக்காக வந்திருந்தாள். அது என் நாக்கு நுனியில் இருந்தது. என் வேலை, என் பெயர், என் பிள்ளைகள்... எல்லாம் கண்முன் வந்தன. அவள் பிள்ளைகள் வரவில்லை.

“ஆமாம்மா. வாடை வந்துச்சு.”

எஸ்தர் அழவில்லை. தலையை ஆட்டிக்கொண்டாள்.

“சரிண்ணே. இனிமே நான் யார் கூடயும் சண்டைக்குப் போவல.”

சொன்னபடியே இருந்தாள். ஒருநாள் மத்தியானம் சைக்கிளில் தெருக் குழாயைத் தாண்டும்போது காதில் விழுந்தது. “குடிகாரன் பொண்டாட்டி, குடத்த எடு” என்றாள் ஒருத்தி. எஸ்தர் குடத்தை நகர்த்திக்கொண்டு ஒதுங்கினாள். அப்போது என்னைப் பார்த்துவிட்டாள்.

“இன்னாண்ணே, இந்த வெயில்ல போய்க்கினு இருக்கீங்க? கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்று சொம்பை நீட்டினாள்.

எனக்குத் தாகமாக இருந்தது. வாங்கிக் குடித்தேன்.